அப்பச்சிக்கு வச்ச ஸ்டென்ட்டும் விடியக்காலை நாலு மணி வலியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். போன வாரம் பள்ளத்தூர்ல ஒரு கல்யாண வீடு, பந்தியில பக்கத்து எலயில உக்காந்திருந்த அயித்தை ஒருத்தவுக, "எங்க வீட்டுல அவுகளுக்கு ஸ்டென்ட் வச்சு ரெண்டு மாசம் ஆச்சு, திரும்பவும் நெஞ்சு வலிக்குதுங்குறாக, டாக்டரு இன்னொன்னு வைக்கலாமான்னு பாக்குறாக"ன்னு சொன்னாக. ஸ்டென்ட்டுங்கறது இதய ரத்தக்குழாய் அடைப்ப விரிச்சுப் புடிக்க உள்ள வைக்கிற சின்னக் கம்பி வலை. எந்நேரம் வலிக்குதுன்னு கேட்டேன். "ராத்திரிதான்த்தா, விடியுறதுக்கு முன்னால"ன்னாக. வெள்ளைப் பணியாரத்த பிச்ச கை அப்படியே நின்னுருச்சு. பந்தி முடியுற வரைக்கும் அவுககிட்ட பேசிக்கிட்டே இருந்தேன், பாதி எல காலியாகவே இல்ல. வீட்டுக்கு வந்து இத எழுத உக்காந்துட்டேன்.

எங்க அப்பச்சிக்கு, எங்க பக்கம் அப்பாவ அப்படித்தான் கூப்புடுவோம், இப்ப 66 வயசு. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஐப்பசி மழை விட்டு குளிர் ஆரம்பிச்ச நேரம் அது. அப்பச்சி முற்றத்த ஒட்டி இருக்குற பட்டாலையிலதான் படுப்பாக, முற்றத்துக் காத்து வேணும்னு. விடியக்காலை நாலு, நாலேகாலுக்கு எந்திரிச்சு உக்காந்துக்குவாக. நெஞ்சுக்கு நடுவுல யாரோ முட்டிய வச்சு அமுக்குற மாதிரி இருக்கு, வேர்க்குதுன்னு சொல்லுவாக. அஞ்சு நிமிசம், மிஞ்சிப் போனா பத்து நிமிசம், அப்பறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி காப்பி கேப்பாக. ஆத்தா ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தாக. "ராத்திரி கருணக்கெழங்கு சாப்பிட்டீகல்ல, வாய்வு"ன்னு தீர்ப்பும் சொல்லியாச்சு. எங்க தெருவுல நெஞ்சுவலின்னா மொதல்ல வாய்வு, ரெண்டாவது கண்ணேறு, மூணாவதுதான் டாக்டரு.

நாங்க அசால்ட்டா இருந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அப்பச்சி பகல்ல நல்லா இருந்தாக. குன்றக்குடி மலைப்படி அத்தனையும் ஏறி இறங்குவாக, மூச்சு வாங்காது, வலிக்காது. இதயத்துல அடைப்பு இருந்தா நடந்தா வலிக்கணும், ஏறினா வலிக்கணும், உக்காந்தா கொறையணும், அதானே நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது. இவுகளுக்கு எல்லாமே தலகீழ். சும்மா படுத்திருக்கும்போது வலி, மலை ஏறினா ஒண்ணும் இல்ல. அந்தத் தலகீழ்தான் நோயோட அடையாளமேன்னு அன்னைக்கு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்க வேண்டியவுகளும் நேரத்தக் கேக்கல, நாங்களும் சொல்லல.

மொதல்ல பாத்த எடத்துல பகல்ல ஈசிஜி எடுத்தாக, நார்மல். எக்கோ நார்மல். டிரெட்மில்ல ஓடவிட்டாக, அதுவும் நார்மல். கேஸ் மாத்திரை குடுத்து அனுப்பிட்டாக. கார்த்திகை மாசம் ஒருநாள் வலி கொஞ்சம் நீண்டுருச்சு, பயந்துபோயி கார் புடிச்சு பெரிய ஊருக்குக் கொண்டு போனோம். எந்த ஊரு எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீக, சொல்ல மாட்டேன். போய்ச் சேர்றதுக்குள்ள வலி போயிருச்சு. ரத்தத்துல ட்ரோபோனின், அதாவது இதயத் தசை அடிபட்டா கூடுற புரதம், லேசா கூடியிருக்குன்னு சொல்லி அன்னைக்கே ஆஞ்சியோ, இதயக் குழாய்க்குள்ள மை விட்டு எடுக்குற படம். வலது பக்க ரத்தக்குழாய்ல 80 சதவீதம் அடைப்பு, ஒடனே ஸ்டென்ட் வைக்கணும், கையெழுத்துப் போடுங்கன்னாக. போட்டேன். அந்த நேரத்துல யாரா இருந்தாலும் போட்டிருப்பாக.

பில்ல பாத்து தம்பி சிங்கப்பூர்ல இருந்து கத்தினான், அது தனிக்கதை. 2017 பிப்ரவரியில மருந்து தடவின ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாதான் உச்சவெலன்னு அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு, அதனால ஸ்டென்ட் வெல கொறஞ்சுது, ஆனா பில்லுங்கறது ஸ்டென்ட் மட்டும் இல்லயே. சரி அத விடுங்க.

மூணு வாரம் நல்லா போச்சு. பிள்ளையார் நோன்பு அன்னைக்கு சாயங்காலம் வளவு நெறைய சொந்தக்காரவுக, 21 இழை திரிச்சு மாவுல வச்சு ஏத்தி அப்பச்சி எல்லாருக்கும் எடுத்துக் குடுத்தாக. "ஸ்டென்ட் வச்சாச்சுல்ல, இனி நூறு வயசு"ன்னு பெரியவுக எல்லாம் சொல்லிட்டுப் போனாக. அதுக்கு மூணாம் நாளு, மார்கழி, வாசல்ல கோலம் போட ஆத்தா எந்திரிச்ச நேரம், மறுபடியும் அதே வலி. இந்தத் தடவ எந்திரிச்சு நின்னவுக அப்படியே சரிஞ்சு பட்டாலைத் தூணுல சாஞ்சுட்டாக. மயக்கம்.

அன்னைக்கு எங்களக் காப்பாத்துனது பெரிய ஆஸ்பத்திரி இல்ல. பக்கத்துல ஒரு சின்ன நர்சிங்ஹோம், ராத்திரி டூட்டியில ஒரு சின்னப் பொண்ணு, படிச்சு முடிச்சு வந்து ஒரு வருசம்கூட இருக்காது. வலி இருக்கும்போதே ஈசிஜி எடுத்துருச்சு. கோடு மலை மாதிரி தூக்கியிருந்துச்சு, நாடித்துடிப்பு நாப்பதுக்குப் பக்கத்துல கெடந்துச்சு. பிபி பாத்துட்டு, நாக்குக்கு அடியில சார்பிட்ரேட், ரத்தக்குழாய விரிக்கிற மாத்திரை, வச்சுது. கொஞ்ச நேரத்துல வலி விட்டுப் போச்சு. ஒடனே இன்னொரு ஈசிஜி. தூக்கியிருந்த கோடு எறங்கி பழையபடி ஆயிருச்சு. அந்தப் பொண்ணு ரெண்டு தாளையும் ஒண்ணா ஸ்டேப்ளர் அடிச்சு, மேல நேரத்த எழுதி, "இத யார் கேட்டாலும் காட்டுங்க, தொலைச்சுராதீங்க"ன்னு என் கையில திணிச்சுது. அந்த ரெண்டு தாள்தான் கடைசியில எல்லாத்தையும் மாத்துச்சு.

மாரடைப்புன்னா கோடு அவ்வளவு சுளுவா எறங்காது. ஒரு மாத்திரைக்கு முழுசா எறங்குதுன்னா, அடைச்சுக்கிட்டு இருந்தது கொழுப்போ ரத்தக்கட்டியோ மட்டும் இல்ல, ரத்தக்குழாயே முஷ்டி புடிச்ச மாதிரி சுருங்கி இருந்திருக்குன்னு அர்த்தமாம். டாக்டருங்க இத வேசோஸ்பாஸ்டிக் ஆஞ்சைனாங்குறாக, அதாவது குழாய் சுருங்குறதால (ஸ்பாஸ்ம்) வர்ற நெஞ்சுவலி, பழைய பேரு பிரின்ஸ்மெட்டல் ஆஞ்சைனா. மைரான் பிரின்ஸ்மெட்டல்னு லாஸ் ஏஞ்சலீஸ் டாக்டர் ஒருத்தர் 1959லயே எழுதி வச்சுட்டாரு, ஓய்வா இருக்கும்போது வர்ற வலி, ஈசிஜி கோடு தூக்குற வலி, ஒழச்சா வராத வலின்னு. அப்பறம் 1970கள்ல இத்தாலியில மசேரின்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிங்களும் வலி இருக்கும்போதே ஆஞ்சியோ எடுத்து குழாய் சுருங்குறத படமாவே காட்டினாங்க. ஜப்பான், கொரியாவுல இது ரொம்ப சாதாரணம், அங்க உள்ள டாக்டருங்கதான் இதப்பத்தி அதிகமா ஆராய்ஞ்சிருக்காங்க. நம்ம ஊருல இந்தப் பேர சொன்னா பாதி பேரு "ஸ்பாஸ்மா, அது வயித்து வலிக்குல்ல வரும்"ங்குறாக.

ரெண்டாவதா பாத்த டாக்டர் வயசானவுக, பொறுமையா பேசுறவுக. மொத கேள்வியே "எத்தன மணிக்கு வலி வரும்?"தான். ரெண்டாவது, "பீடி, சிகரெட் உண்டா?" அப்பச்சி இல்லன்னு தலையாட்டினாக. அதுக்கு அப்பறம் வர்றேன். ஸ்டேப்ளர் அடிச்ச தாள்கள ரொம்ப நேரம் பாத்தாக. பழைய ஆஞ்சியோ சிடிய கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்துட்டு, "இதுல எந்த எடத்துலயும் குழாய்க்குள்ள நைட்ரோ குடுத்த மாதிரி தெரியலயே"ன்னு மெதுவா சொன்னாக.

இதுதான் இந்தப் பதிவுல நான் சொல்ல வந்த முக்கியமான எடம். ஆஞ்சியோ பண்ணும்போது தெரியுற அடைப்பு நெசமான அடைப்பா, இல்ல அந்த நேரத்துக்குச் சுருங்கி இருக்கான்னு பிரிச்சுப் பாக்க, குழாய விரிக்கிற நைட்ரோகிளிசரின் ஒரு ஊசி, 100லேருந்து 200 மைக்ரோகிராம், அந்தக் குழாய்க்குள்ளயே குடுத்துட்டு மறுபடி படம் எடுக்கணும். சுருக்கம்னா விரிஞ்சிரும். நெச அடைப்புன்னா அப்படியே நிக்கும். ரெண்டும் கலந்தும் இருக்கும், அதுதான் நெறைய பேருக்கு. கொஞ்சூண்டு கொழுப்பு படிஞ்ச எடத்துலதான் சுருக்கமும் புடிக்கப் பாக்கும், அதனால 40 சதவீத அடைப்பு சுருங்கின நேரத்துல 80ஆ தெரியும். போதாததுக்கு, வலது பக்கக் குழாய் வாசல்ல கத்தீட்டர், அதான் ஆஞ்சியோவுக்கு உள்ள விடுற மெல்லிசுக் குழல், முனை பட்டாலே அந்த எடம் சுருங்குறதும் உண்டாம், அத அடைப்புன்னு நெனச்சு ஸ்டென்ட் வச்சவுகளும் இருக்காக.

மொத டாக்டரைத் திட்டணும்னு எனக்கு இல்ல. ட்ரோபோனின் கூடியிருக்கு, ஆளுக்கு வயசு அறுபதுக்கு மேல, படத்துல அடைப்பு தெரியுது, யாரும் விடியக்காலைக் கதைய சொல்லல. அவுக எடத்துல நின்னு பாத்தா அந்த முடிவு புரியுது. ஆனா அஞ்சு நிமிச வேல அது, அந்த ஒரு ஊசி. அந்த எரிச்சல் இன்னும் போகல.

திரும்ப ஆஞ்சியோ பண்ணினாக. மணிக்கட்டு வழியா போனப்ப அங்கயும் குழாய் சுருங்கிக்கிச்சு, உள்ள விட்ட குழல இழுக்க முடியாம அப்பச்சி பல்லக் கடிச்சுக்கிட்டு கெடந்தாக, மருந்து குடுத்ததுக்கு அப்பறந்தான் தளந்துச்சு. ஸ்டென்ட் வைக்கப்பட்ட எடம் தொறந்துதான் இருந்துச்சு, அடைக்கல. ஆனா ஸ்டென்ட் முடியுற ஓரத்துக்குக் கீழ, அதுவரைக்கும் நல்லா இருந்த எடம், அங்க சுருங்கி நூல் மாதிரி ஆயிருச்சு. நைட்ரோ உள்ள போனதும் அரை நிமிசத்துல விரிஞ்சிருச்சு. டாக்டர் ஸ்கிரீன்ல காட்டினாக, நானே பாத்தேன். முன்னாடி படத்தையும் பின்னாடி படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ரெண்டு வேற ஆளோட இதயம் மாதிரி இருக்கு.

யோசிச்சுப் பாத்தா இதுல ஆச்சரியமே இல்ல. ஸ்டென்ட்டோட நீளம் 24 மில்லிமீட்டர். அந்த 24 மில்லிமீட்டரத்தான் அது தாங்கிப் புடிக்கும். மிச்சக் கொழாய் முழுக்க அதே தசை, அதே சுபாவம். வெளக்கெண்ணெய் மாதிரி வழவழன்னு இருக்க வேண்டிய உள்தோல் கெட்டுப்போச்சுன்னா, குழாய தளர வைக்கிற நைட்ரிக் ஆக்சைடு சரியா ஊறாது, தசைக்குள்ள கால்சியம் புகுந்து இறுக்கும். அந்தக் கோளாறு ஒரு புள்ளியில இல்ல, குழாய் நெடுக இருக்கு, சிலருக்கு ரெண்டு மூணு குழாய்லயும் இருக்கு. ஒரு எடத்துல கம்பி வலைய வச்சா அடுத்த எடத்துல சுருங்கும். அங்கயும் ஒண்ணு வச்சா அதுக்கு அடுத்த எடம். இப்படி ஒண்ணுக்கு மேல ஒண்ணா வரிசையா வச்சுக்கிட்டே போனவுக கதையெல்லாம் டாக்டர் சொன்னாக, கேக்கவே பக்குன்னு இருந்துச்சு. இன்னொண்ணு, மருந்து தடவின ஸ்டென்ட்ல உள்ள மருந்து, சதை வளராம தடுக்கத்தான் தடவுறது, ஆனா மொத தலைமொறை ஸ்டென்ட்டுகள்ல அது பக்கத்து உள்தோலையும் கெடுத்து ஓரத்துல சுருக்கத்த கூட்டுச்சுன்னு கண்டுபுடிச்சிருக்காக. இப்ப வர்றது அதவிடத் தேவலாம்.

அதவிட எனக்குப் பயம் குடுத்தது இன்னொரு விசயம். ஓசிடி (OCT)ன்னு ஒரு நுண்ணிய கேமரா மாதிரி ஒண்ண உள்ள விட்டுப் பாத்தாக. ஸ்டென்ட் குழாய்ச் சுவரோட ஒட்டாம, ஒரு பக்கம் இடைவெளி விட்டு நின்னுச்சு. ஏன்னா மொத தடவ குழாய் சுருங்கி இருந்தப்ப அளவெடுத்து 2.75 மில்லிமீட்டர் ஸ்டென்ட் வச்சிருக்காக. தளந்த நேரத்துல அந்தக் குழாய் மூணரை. வயித்த எக்கிக்கிட்டு நிக்கிறவனுக்கு டெய்லர் அளவெடுத்தா சட்ட எப்படி இருக்கும், அதேதான், ஆனா இங்க தலகீழ், சட்ட உள்ள இருக்கு. அந்த இடைவெளியில ரத்தம் தேங்கிக் கட்டியாச்சுன்னா ஸ்டென்ட்டே திடீர்னு அடைச்சுக்கும், அதுதான் ஸ்டென்ட் திராம்போசிஸ், அது வந்தா உயிருக்கே ஆபத்து. பெரிய பலூன வச்சு ஸ்டென்ட்ட சுவரோட அமுக்கி விட்டாக. பலூன் படுறதே சுருக்கத்தக் கெளப்பும்னு மொதல்ல நைட்ரோ குடுத்துட்டுத்தான் பண்ணினாக. இன்னொரு ஸ்டென்ட் வைக்கல. கீழ சுருங்குன எடத்துக்கு மாத்திரைதான்னு சொல்லிட்டாக.

மாத்திரைச் சீட்டுலயும் ஒரு சங்கதி. மொத ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் பண்ணும்போது மெட்டோபுரோலால் குடுத்திருந்தாக. ஹார்ட் பேசன்ட்டுக்கெல்லாம் வழக்கமா குடுக்குற, துடிப்ப மெதுவாக்குற பீட்டா பிளாக்கர். ஆனா சுருக்க நோய் உள்ளவுகளுக்கு பீட்டா பிளாக்கர், முக்கியமா புரோப்ரனலால் மாதிரி வகை, சுருக்கத்தக் கூட்டி விடலாம். அத படிப்படியா கொறச்சு நிறுத்திட்டு, ராத்திரி படுக்கும்போது நீண்ட நேரம் வேல செய்யுற டில்டியாசெம் ஆரம்பிச்சாக, கால்சியம் தசைக்குள்ள போறதத் தடுக்குற மாத்திரை. கூட ஒரு நைட்ரேட், அந்த சார்பிட்ரேட் வகைதான். தயவு பண்ணி இத படிச்சுட்டு உங்க வீட்டு மெட்டோபுரோலால நிறுத்திராதீக, சாதா அடைப்பு உள்ள நெறைய பேருக்கு அது தேவைப்படுற மாத்திரை, திடீர்னு நிறுத்துனா ஆபத்து. சீட்ட எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போயி "வலி விடியக்காலைதான் வருது"ன்னு சொல்லுங்க, அது போதும். நெஞ்சு வலிச்சா இது சுருக்கம்தான்னு நீங்களா முடிவு பண்ணி வீட்டுல உக்காந்தும் இருக்காதீக. சுருக்கம் ரொம்ப நேரம் நீடிச்சாலும் மாரடைப்புதான், துடிப்பு தாறுமாறாகி ஆள் போறதும் உண்டு.

மாத்திரை ஆரம்பிச்ச மொத வாரம் நைட்ரேட்னால தலவலி மண்டையப் பொளந்துச்சு. அப்பறம் டில்டியாசெம்னால மலச்சிக்கல். எங்க அப்பச்சிக்கு காலையில வயிறு சரியாப் போகலன்னா அன்னைக்கு வீட்டுல யாருக்கும் நிம்மதி கெடையாது. சொல்லாமக் கொள்ளாம மாத்திரைய நாலு நாளு நிறுத்திட்டாக. அஞ்சாம் நாளு நாலு மணிக்கு வலி. இந்த வகை மாத்திரைய சட்டுனு விட்டா சுருக்கம் முன்னவிட வீம்பா திரும்பும்னு டாக்டர் அப்பறம் சொன்னாக. இப்ப தினமும் ராத்திரி நானே தண்ணியோட நின்னு முழுங்க வச்சுட்டுத்தான் வர்றது, கூட இசப்கோல் ஒரு ஸ்பூன்.

சிகரெட் கதைக்கு வர்றேன்னு சொன்னேன்ல. மொட்டமாடியில வத்தல் காயப் போடப் போன ஆத்தா, தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு பவுடர் டப்பா நெறைய துண்டு சிகரெட்ட எடுத்துக்கிட்டு வந்தாக. விடியக்காலை மூணரைக்கு எந்திரிச்சு மேல போயி ஒண்ணு இழுத்துட்டு வந்து படுக்குறது வருசக்கணக்கா நடந்திருக்கு. சர்க்கரை, கொழுப்பு, பிரசர் எல்லாம் பெரிய பெரிய பேரு, ஆனா குழாய் சுருங்குறதுக்கு மொத காரணம் பொகைதான், குளிரும் அந்த நேரமும் சேந்துக்கிட்டா கேக்கவே வேணாம். "என்னத்தா, ஒண்ணே ஒண்ணுதானேன்னு"ன்னு அப்பச்சி என்னப் பாத்து இழுத்தாக. ஆத்தா ஒண்ணுமே பேசல. டப்பாவ கொண்டுபோயி டாக்டர் மேசையில வச்சாக. நான் இத்தன நாளு பேசினதவிட அது நல்லா வேல செஞ்சுது. இப்ப நிறுத்தி ஒன்றரை வருசம் ஆகுது, பட்டாலையில படுக்குறதையும் விட்டு உள்வீட்டுக்கு வந்தாச்சு. குளிர் காலத்துல ரெண்டு தடவ லேசா வந்து போச்சு, அவ்வளவுதான்.

சுருக்கத்தோட சேந்து நெசமாவே பெரிய அடைப்பும் இருந்தா ஸ்டென்ட் வைக்கத்தான் வேணும், அத நான் மறுக்கல. ஆனா வச்ச பிறகும் சுருக்கத்துக்கு உள்ள மாத்திரை ஓடிக்கிட்டே இருக்கணும். அந்தப் பள்ளத்தூர் அயித்தைகிட்ட நான் சொன்னது இவ்வளவுதான். பழைய சிடிய எடுத்துக்கிட்டு போங்க, நைட்ரோ குடுத்துப் பாத்தாகளான்னு கேளுங்க, வலிக்கிற நேரத்துல ஒரு ஈசிஜி எடுக்கப் பாருங்க, முடியலன்னா ஹோல்ட்டர், 24 மணிநேரமும் ஈசிஜி பதியுற சின்னக் கருவி, மாட்டச் சொல்லிக் கேளுங்க.

எங்க வீட்டுல ஸ்டென்ட் அப்பறம் வேற ரூபத்துல தொந்தரவு பண்ணுச்சு. ஸ்டென்ட் இருக்கறதால, ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் ஒரு வருசம் நிறுத்தாம போட வேண்டியதாயிருச்சு, அந்த நேரம் பாத்து கடவாப்பல்லு ஆட ஆரம்பிச்சுது. ரெண்டு மாத்திரையும் ஓடையில அவசரம் இல்லாத பல்லுக்கு இப்ப கைய வைக்க வேணாம், ஆறப் போடுவோம்னு பல் டாக்டர் சொல்லிட்டாக. அப்பச்சி அந்த வருசம் முழுக்க சீப்பு சீடைய காப்பியில ஊறப் போட்டு ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருந்தாக. குளோபிடோகிரெல் நிறுத்தி ஒரு மாசம் கழிச்சு பல்லப் புடுங்கினாச்சு. ஆனா சீடைய ஊற வைக்கிற பழக்கத்த மட்டும் விடல, இப்படித்தான் ருசியா இருக்காம்.